திருமணத்துக்கு முந்தைய பெயர்

மறுபடியும் அந்தச் சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. பாஸ்வேர்டைத் தருக. தந்தாயிற்று, நான்கு முறை தந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் அது யோசிப்பதுபோல ஒரு கணம் மறைந்துபோகிறது, சரி, ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நான் மூச்சை விடும்போது, நான் எதுவுமே சொல்லாததுபோல அதே இடத்தில் வந்து நிற்கிறது. பெட்டிக்குப் பின்னால் மெயில் பக்கம் மங்கலாகத் தெரிகிறது. இடது ஓரத்தில் இளமதி என்ற பெயர், அதன் கீழே போன சனிக்கிழமை வந்த கடிதம், அதன் கீழே அதற்கு முந்தின சனிக்கிழமை. மேலே இன்றைய கடிதம் இருக்க வேண்டும், இல்லை. வராமல் இருக்காது. கனடாவில் இப்போது நடுராத்திரி, மகள் மதி எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கியிருப்பாள், அல்லது தூங்காமல் படுத்திருப்பாள். கடிதம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே விட ஆள் இல்லை. அடுக்களையிலிருந்து சுகந்தி கேட்கிறாள், "வந்துட்டா?" "இல்ல, இன்னும் வரல்ல." பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மணி பத்து பத்து. பதினொன்றுக்குச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள், கண்ணாடியை மாற்றிக்கொள்வாள், இந்த நாற்காலியில் உட்கார்வாள். போனில் எழுத்து தெரிவதில்லை அவளுக்கு. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்தப் பெரிய திரையில், பெரிய எழுத்தில்தான் படிக்கிறாள். போன தடவை வந்தபோது மதிதான் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டுப் போனாள். ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்தான் தெரியும், அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பாள்.

மற்ற சனிக்கிழமை என்றால் பரவாயில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிடலாம். நேற்று மதிக்கு ஸ்கேன். ஐந்தாம் மாதம். இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில்தான் போயிற்று, இரண்டு முறையும் போனில்தான் சொன்னாள், சொல்லவில்லை, அழுதாள், அழுகையிலிருந்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "நீங்க யாரும் போன் போடாதீங்க. நல்லதோ கெட்டதோ எழுதுதேன். படிச்சிட்டு அம்மா மட்டும் பேசட்டும்." அம்மா மட்டும். என்னைச் சொல்லவில்லை. சொல்லாததில் தப்பும் இல்லை, நான் போனை வாங்கினால் அங்கே குளிர் எப்படி என்று கேட்பேன். ஆக, அந்தக் கடிதம் இதற்குள்ளே எங்கேயோ இருக்கிறது, அதைத் திறக்கிற வழியை அடைத்தவன் நான். நேற்று நன்றாகத்தான் இருந்தது. பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னார், மாற்றினேன். ஓய்வு பெற்றவனுக்குக் காலைப்பொழுதில் எதையாவது சரி பண்ணவேண்டியிருக்கிறது. ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றுவேன், ஒழுகாத குழாயை இறுக்குவேன். புதுப் பாஸ்வேர்டை மறக்கக்கூடாதென்று நாள்காட்டித் தாளில், நேற்றைய தேதிக்குக் கீழே, சூலம் மேற்கு என்று போட்டிருந்த இடத்தை ஒட்டி, பென்சிலால் எழுதினேன். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடம் போட்ட கை, அச்சுமாதிரி எழுதும். காலையில் எழுந்ததும் சுகந்தி தாளைக் கிழித்தாள். தினமும் கிழிக்கிறவள்தான். அந்தத் தாளில் வெங்காயத் தோலைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள், ஏழு மணிக்கு மாநகராட்சி வண்டி வந்து போய்விட்டது. நாள்காட்டியில் எழுதினால் மறுநாள் இருக்காது என்பது அறுபத்திரண்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் கேட்கவும் முடியவில்லை. கேட்டால், "அதுல எழுதுவாங்களா யாராவது?" என்பாள். அதோடு விடுவாள். அவள் எதையும் அதோடு விட்டுவிடுவாள், அதுதான் எனக்குக் கஷ்டம்.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்று கீழே நீல எழுத்தில் கேட்கிறது. ஆமாம். அழுத்துகிறேன். பழைய நம்பர் ஒன்றுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்கிறது, அந்த சிம்மைத் தூக்கிப் போட்டு எட்டு வருஷம் ஆகிறது. வேறு வழி. ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சொல்கிறேன், கேள். உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ன? என்ன கேள்வி இது. நம் பக்கத்தில் கல்யாணமானால் இன்ஷியல்தான் மாறும், அப்பா எழுத்துப் போய்ப் புருஷன் எழுத்து வரும், பெயர் எங்கே மாறுகிறது. எவனோ எந்த ஊருக்காகவோ எழுதிய கேள்வி. கணக்கு முதலில் மதியுடையது, அவள் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறபோது ஆரம்பித்து, பிற்பாடு எங்களுக்கு விட்டுக்கொடுத்தது, அதனால் தாயார் என்றால் சுகந்தி. ஆங்கிலத்தில் சுகந்தி என்று அடித்தேன். கடைசி எழுத்து ஐ. தவறு. கடைசி எழுத்தை ஒய் ஆக்கினேன். தவறு. இன்னும் இரண்டு முறை முயலலாம், அதன் பிறகு கணக்கு முப்பது நாள் பூட்டப்படும். முப்பது நாள். சிவப்பில் எழுதியிருக்கிறது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போகிறான், தெருமுனை வரை போகிறான், குரல் திரும்பி வருகிறது. தாளிக்கிற வாசனை. பெருங்காயம். பெயர் எங்கே மாறுகிறது என்று கேட்டுக்கொண்டேனே, யாரிடம் கேட்டேன்.

இந்த வீட்டில் மாறியது. கல்யாணமாகி மூன்றாம் நாள். நான் அன்று முற்றத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது, ஆறாம் பக்கம், மழைநிலவரம். அம்மா வந்து நின்றாள். "ஏல, ஒரே வீட்டுல ரெண்டு கோமதியால? நான் அவளை வஞ்சா என்னையே வஞ்ச மாதிரில்லா இருக்கும். எவளாவது வாசல்ல நின்னு கோமதின்னு கூப்பிட்டா யாரு போவ?" அம்மாவுக்கும் கோமதி, வந்தவளுக்கும் கோமதி. அம்மாவுக்குச் சங்கரன்கோவில் பிறந்த ஊர், அவளுக்கும் அந்த ஊர், அந்த ஊரில் கல்லை எறிந்தால் ஒரு கோமதி மேல் விழும் என்று பெண்பார்க்கப் போனபோது மாமா சொல்லி எல்லோரும் சிரித்தோம், அவளும் குனிந்துகொண்டு சிரித்தாள். "வேற பேரு ஒண்ணு சொல்லு," என்றாள் அம்மா. எதிரே மேஜையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை கிடந்தது. மணமகள் பெயர் சுகந்தி. சொன்னேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது. வேறொருத்தி கல்யாணத்துப் பெயர். அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் போகக்கூட இல்லை. அடுக்களை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கையில் அரிவாள்மணையில் பாதி நறுக்கின பூசணிக் கீற்று, நான் பேப்பருக்கு மேலே பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், நான் மழைநிலவரத்துக்குப் போய்விட்டேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேனா? அவள் நினைத்திருப்பாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. அன்று சாயங்காலம் அம்மா, "சுகந்தி, வெளக்கேத்து," என்றாள், அவள் உடனே வரவில்லை, இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு வந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்திருப்பாள். நான் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய், இங்க பாரு, இந்தா, அவ்வளவுதான். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு, இரண்டாயிரத்து ஒன்பதில், அந்தப் பெயர் இந்த வீட்டில் சும்மாத்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். பதினாறாம் நாள் பந்தலைப் பிரித்தது நினைவிருக்கிறது, மூங்கிலை எண்ணினது நினைவிருக்கிறது, இது தோன்றவே இல்லை.

"வந்துட்டா?" "பாக்கேன்." "நெட்டு இல்லையோ?" "இருக்கு இருக்கு." காலையிலிருந்தே பாத்திரங்களை டொக்கென்று வைக்கிறாள். அந்தப் பழைய பெயர் மதிக்குத் தெரிந்திருக்கிறது. கணக்கை ஆரம்பித்த அன்று இந்த நாற்காலியில் மதி உட்கார்ந்திருந்தாள், சுகந்தி பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் கூடத்தில் இருந்தேன். "போடட்டுமாம்மா?" "போடேன், யாரு பாக்கப் போறா." அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள், மதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, ஒரு பேரு." பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயர் இதற்குள்ளே, ஒரு கேள்விக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் இருந்திருக்கிறது. அதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தோதான வீடு ஊரிலேயே எங்களுடையதுதான் போல. இளமதி. பெயரைத் தேர்ந்தெடுத்தது சுகந்திதான், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே சொன்னாள், மதின்னு முடியட்டும். நல்ல பெயர் என்றேன். முப்பது வருஷமாக இந்த வீட்டில் மதி, மதி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தன் பெயரில் பாதியை அப்படி வாங்கிக்கொண்டாள். இப்போதுதான் தெரிகிறது எனக்கு. என்ன மண்டை இது.

அடிக்க வேண்டியதுதானே. கோமதி. ஆங்கிலத்தில் ஜி போட்டு, கடைசியில் ஐ போட்டு அடித்தேன். அம்மா பெயரை ரேஷன் கார்டில், ஆஸ்பத்திரிச் சீட்டில், கடைசியாக இறப்புச் சான்றிதழில் அப்படித்தான் எழுதினேன். தவறு. இன்னும் ஒரே ஒரு முறை. ஜி போட்டு ஒய்யா? கே போட்டு ஐயா? கே போட்டு ஒய்யா? தமிழில் எழுதினால் ஒரே எழுத்து, ககரத்துக்குக் கொம்பும் காலும், சண்டையே இல்லை. ஆங்கிலத்தில் நாலு கோமதி. அவளைக் கேட்கலாம். அடுக்களை பத்து அடி. கேட்டால், எதற்கு என்பாள், சொல்லவேண்டும், பாஸ்வேர்டைத் தொலைத்ததைச் சொல்லவேண்டும், அது ஒன்றுமில்லை, அந்தப் பெயரை வாயால் சொல்லவேண்டும். இல்லை, அதுவும் இல்லை. கேட்க வேண்டியதில்லை என்பதுதான். எனக்குத் தெரியும். அவள் பெயரை அரசாங்கம் எப்படி எழுதியது என்று எனக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து தெரியும். தெரியாது என்று இந்த அரை மணி நேரமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜி போட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கினதுகூட அதனால்தானோ.

பழுப்பு உறை. தட்டச்சு. எஸ், புள்ளி, அப்புறம் கே. அந்த டைப்ரைட்டரில் கே எழுத்தின் கீழ்க்கால் உடைந்து தனியாக நின்றது, வரைபடக்காரன் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. கடைசியில் ஒய், வால் ரிஜிஸ்டர் உறையின் நீலக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. எஸ் என்பது சண்முகம், மாமனார். அவர் வீட்டுக்கு வந்த தபாலில் அந்த விலாசத்தை அடித்துவிட்டு, எங்கள் விலாசத்தை அவர் கையால் தமிழில் எழுதி மாற்றி அனுப்பியிருந்தார், குண்டு குண்டான எழுத்து. தொண்ணூற்று நாலு, பங்குனி. மதிக்கு ஆறு மாதம். நான் வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன், கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சாத்தி வைத்து, ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை. தபால்காரர் பொன்னையா சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "சார், ரிஜிஸ்டர் தபால். எஸ். கோமதி. உங்க அம்மாவுக்கு இன்ஷியல் வேறயில்லா? கையெழுத்துப் போடணும்," என்றார். வாங்கிப் பார்த்தேன். அனுப்பியது வேலைவாய்ப்பு அலுவலகம். ஆசிரியர் பணி, நேர்முகம் என்று உறை மேலேயே இருந்தது. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து, பதிந்து வைத்து, ஏழு வருஷமாகக் காத்திருந்தது. உறையைத் திருப்பிக் கொடுத்தேன். "அப்படி யாரும் இங்க இல்ல." பொன்னையா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா, கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். "இல்லையா சார்?" "இல்ல. திருப்பி அனுப்பிரும்." சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், சைக்கிள் சீட்டில் வைத்து எழுதினார். அப்படி ஒருவர் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன். குழந்தைக்கு ஆறு மாதம், யார் பார்ப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராதாபுரத்தில் போடுவானோ திசையன்விளையில் போடுவானோ, எப்படிப் போய்வருவாள். இதெல்லாம் பிற்பாடு, பல வருஷங்களில், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்த நேரத்தில் மனதில் இருந்தது ஒன்றுதான். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது, பேச்சை முடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பெரிய காரணமாவது இருந்திருக்கலாம். உள்ளே அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், "யாருங்க?" என்றாள். "தபால்காரர், விலாசம் தப்பு," என்றேன். அந்தத் தீபாவளிக்கு மாமனார் வந்தபோது மூன்று நாளும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். தபால் வந்ததா மாப்பிள்ளை என்று கேட்பார், கேட்பார் என்று. கேட்கவில்லை. அல்வா நன்றாயிருக்கிறது என்றார், ஊருக்குப் போனார், அடுத்த வருஷம் இறந்தும் போனார். அவள் எதுவும் கேட்டதில்லை. அதனால் அவளுக்குத் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். முப்பது வருஷமாக அந்த முடிவின் மேல்தான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன்.

பத்து ஐம்பது. கே. ஓ. எம். ஏ. டி. ஹெச். ஒய். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன், ஒவ்வொன்றையும் அந்த உறையில் பார்த்துப் பார்த்து. தவறென்றால் முப்பது நாள். தவறாக இருக்கட்டும் என்று ஒரு ஓரத்தில் தோன்றிற்று, தோன்றினதை மறைக்க என்ன இருக்கிறது. தவறென்றால் எனக்குத் தெரியாது என்று ஆகும். அழுத்தினேன். வட்டம் சுற்றியது. நன்றி, நீங்கள்தான் என்று உறுதி செய்யப்பட்டது. நானா. புதிய பாஸ்வேர்டைத் தருக, குறைந்தது எட்டு எழுத்து. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது, சத்தமாகவா மெதுவாகவா என்று தெரியவில்லை. "கோமதி."

"ம்?"

அடுக்களையிலிருந்து. ஒரு முறைதான், உடனே. கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அவள் வாசலில் வந்து நின்றாள். கையைத் துடைக்கவில்லை, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரைக் கூப்பிட்டீய?"

"இது கேட்டுச்சு. மதி அப்ப போட்டு வச்ச கேள்வி. நான் நேத்துப் பாஸ்வேர்டை மாத்தித் தொலைச்சிட்டேன். இப்ப சரியாயிட்டு. உன் பேரைத்தான் போட்டேன்."

"எடுத்துக்கிட்டா?"

"ம். சுகந்தி எடுக்கல. ஜி போட்டேன், அதுவும் எடுக்கல. கே போட்டு, கடைசில ஒய் போட்டேன்."

அவள் பக்கத்தில் வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். அங்கே அந்தப் பெயர் இல்லை, அது போய்விட்டது, காலிப் பெட்டிகள் இரண்டுதான் இருந்தன. "கேயா," என்றாள். "நான் எழுதுனா ஜிதான் போடுவேன். கே பள்ளிக்கூடத்து ரைட்டர் போட்டது. சர்டிபிகேட்டுல மட்டுந்தான் அப்படி இருக்கும். மதி கேலி பண்ணி அதையே போட்டா." நிமிர்ந்தாள். "என் சர்டிபிகேட்டை நீங்க பாத்ததே இல்லையே."

இப்போது சொல்லலாம். மதி சொல்லியிருப்பாள், எங்கேயோ பார்த்தேன், குத்துமதிப்பாகப் போட்டேன், மூன்று பொய் வரிசையாக வந்து நின்றன, மூன்றுமே நம்பும்படியாக இருந்தன. "ஒரு தபால் வந்துச்சு," என்றேன். "ரொம்ப வருஷம் முந்தி. ரிஜிஸ்டர் தபால்."

"தெரியும்."

நான் திரும்பவில்லை. கீபோர்டில் ஜி எழுத்துக்கும் ஹெச் எழுத்துக்கும் நடுவே ஒரு முடி கிடந்தது, நரை.

"அந்தத் தீபாவளிக்கு அப்பா கேட்டாவ. ஏட்டி, ஒரு ரிஜிஸ்டரை மாத்தி அனுப்புனனே, வந்துச்சான்னு. நீங்க அப்ப மாடில வெடியைக் காயப்போட்டுக்கிட்டு இருந்தீய. வந்துச்சுன்னு சொன்னேன். நாந்தான் போகலைன்னு சொன்னேன். ரொம்ப வஞ்சாவ. படிக்க வச்சதெல்லாம் வீணுன்னாவ." சேலைத் தலைப்பில் கையைத் துடைக்க ஆரம்பித்தாள், ஒவ்வொரு விரலாக. "சாகுத வரைக்கும் நாந்தான் போகலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாவ."

அவர் அல்வா நன்றாயிருக்கிறது என்று சொன்னபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள், கிண்ணத்தோடு. அவர் அவளிடம் பேசாமல் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனது இப்போது நினைவு வருகிறது. மகள் மேல் கோபம், மாப்பிள்ளையிடம் மரியாதை. அந்த மரியாதையை நான் வாங்கிக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்னே," என்று கேட்கத் தோன்றி, கேட்கிற தகுதி எந்த இடத்தில் போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அதை அப்புறம் பாக்கலாம்," என்றாள் அவள். "மொதல்ல மதி என்ன எழுதியிருக்கான்னு பாருங்க. நகருங்க."

"புதுசா ஒண்ணு போடணும். எட்டு எழுத்து."

"மறக்காததா ஒண்ணு போடுங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுக்கப் போனாள்.

ஜி போட்டு ஆரம்பித்தேன், அவள் எழுதுகிற மாதிரி. எழுத்து தெரியவில்லை, புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. எண்ணினேன். ஏழு புள்ளி. ஒன்று குறைகிறது. முன்னால் போய் எஸ் என்று ஒரு எழுத்து சேர்த்தேன், எட்டாயிற்று. மறுபடியும் அதையே தருக என்றது. தந்தேன். பெட்டி மறைந்தது. திரும்பி வரவில்லை. இளமதி என்ற பெயருக்குக் கீழே ஒரு கடிதம் வந்து உட்கார்ந்தது, கனத்த எழுத்தில், படிக்காதது என்பதற்கு அடையாளமாக. எழுந்து நாற்காலியை விட்டேன். அவள் உட்கார்ந்தாள், திறந்தாள், விரலைத் திரையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் போனாள். நான் கடிதத்தைப் படிக்கவில்லை, அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வரியில் நின்றது. திரும்ப முதல் வரிக்குப் போயிற்று. மறுபடி மூன்றாவது வரி வரை வந்தது.

"அவளும் பிள்ளையும் நல்லா இருக்காங்களாம்," என்றாள், திரும்பாமல். "துடிப்புக் கேட்டாளாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "பொம்பளப் பிள்ளையா இருந்தா என்ன பேரு வைக்கன்னு கேட்டிருக்கா. உங்களையும் கேக்கச் சொல்லியிருக்கா."

நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். மேஜையில் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் இல்லை. "நீ சொல்லு," என்றேன்.